கோடு தாண்டிய வண்டி: ஹாம் ரேடியோ போட்டிகளில் ஓடும் நிலையங்களுக்கான விதிகள் ஏன் மாறின?

காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து நேர்வடக்கே ஏறக்குறைய 3 கி.மீ. போனால் 13 டிகிரி வட அட்சரேகை வந்துவிடும். சித்தூர் சாலையை அது குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தங்கை வீட்டுக்காரர் காரை ஓட்ட, நான் பக்கத்து சீட்டில் ரேடியோவையும், யாரோடு பேசினேன் என்று குறிக்கும் லாக் நோட்டையும் வைத்துக்கொண்டு அந்த இடத்தைத் தேடிப் போனேன். போன் திரையில் இடக் குறியீடு எம்கே92 என்றிருந்தது எம்கே93 என்று மாறியதும் வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். அவர் இறங்கி முன்னாலும் பின்னாலும் பார்த்தார். "இன்னா மச்சான், இங்க இன்னா கீது? ஒரு போர்டுகூட காணோமே" என்றார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. கண்ணுக்கு அங்கே எதுவும் தெரியாது. ஹாம் ரேடியோ என்பது உரிமம் வாங்கி, பொழுதுபோக்காக ரேடியோவில் ஒருவரோடொருவர் பேசுவது. அதன் போட்டிக் கணக்கில் அந்தக் கோட்டைத் தாண்டியதுமே நாங்கள் வேறொரு ரேடியோ நிலையமாகிவிட்டோம். ஐந்து நிமிடம் முன்பு என்னோடு பேசி முடித்தவர் இப்போது மறுபடியும் என்னோடு பேசலாம். இரண்டு பேருக்கும் புதிதாக மதிப்பெண் விழும். கார் அதே கார், ஆன்டெனா அதே ஆன்டெனா, பேசுகிற ஆளும் அதே ஆள். அப்படியிருக்க எது புதிது? ஓடும் வண்டியிலிருந்து போட்டியில் இறங்குபவர்களுக்கான விதிகள் திரும்பத் திரும்ப மாறியதெல்லாம் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான். இந்தப் பொழுதுபோக்குக்குப் புதிதாக வருபவர்களுக்கு அதைப் புரியவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக எனக்கு ஆசை.

முதலில் ஒரு சொல். நம்மூரில் மொபைல் என்றால் கைப்பேசி. ஹாம் ரேடியோவில் மொபைல் என்றால் நகரும் நிலையம். காரிலோ ஜீப்பிலோ ரேடியோவைப் பொருத்தி, ஆன்டெனாவைக் கூரையிலோ டிக்கியிலோ மாட்டி, வண்டி பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுத்து, போகிற போக்கில் பேசுவது. இதற்கும் போர்ட்டபிள் என்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஏலகிரி மலைக்குப் போய் ஒரு மரத்தில் கம்பி கட்டி, துணி விரித்து உட்கார்ந்து பேசினால் அது போர்ட்டபிள். பேசி முடித்தபின் கம்பியைச் சுருட்டிக்கொண்டுதான் கிளம்ப முடியும். மொபைல் நிலையத்தில் சாவியைத் திருப்பினால் போதும், நிலையமே கிளம்பிவிடும். இந்த வேறுபாடு சின்னதாகத் தெரியும். விதிப் புத்தகங்களில் பாதிச் சண்டை இங்கேதான் தொடங்குகிறது. கட்டுரை முழுக்க மொபைல் என்று எழுதினால் குழப்பம் வரும் என்பதால், இனி வண்டி நிலையம் என்றே சொல்கிறேன்.

இந்தியாவில் ஹாம் ஆக வேண்டுமென்றால் மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தின் கீழ் வரும் டபிள்யூபிசி பிரிவு நடத்தும் தேர்வை எழுதி உரிமம் வாங்க வேண்டும். உங்கள் நிலையத்தின் அடையாளப் பெயரான கால்சைன் பெரும்பாலும் வியு2 அல்லது வியு3 என்று தொடங்கும். வண்டியில் ரேடியோ பொருத்துவதற்கு முன் உங்கள் உரிமத்திலும் அதன் விதிகளிலும் நகரும் நிலையத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறை நிதானமாகப் படித்துவிடுங்கள். போட்டி விதியெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சரி, போட்டி என்றால் என்ன? குறிப்பிட்ட ஒரு சனி ஞாயிறில், குறிப்பிட்ட அலைவரிசைகளில், எத்தனை நிலையங்களோடு பேச முடிகிறது என்று பார்ப்பது. வெறும் வணக்கம் சொன்னால் கணக்கில் வராது. இரண்டு பேரும் ஒரு தகவலைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். அதைப் பிழையில்லாமல் கேட்டு எழுத வேண்டும். சிக்யூ வேர்ல்டு வைடு என்ற பெரிய உலகப் போட்டியில் உலகத்தையே 40 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். வேலூர் 22-ஆம் மண்டலத்தில் வருகிறது. எனவே நாம் "ஐம்பத்தொன்பது, இருபத்திரண்டு" என்று அனுப்புவோம். ஐம்பத்தொன்பது என்பது உங்கள் குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதற்கான அளவு, இருபத்திரண்டு நம் இடம்.

மதிப்பெண் கணக்கில் ஒரு பெருக்கல் இருக்கிறது. செய்த தொடர்புகளுக்குப் புள்ளி ஒரு பக்கம். எத்தனை வெவ்வேறு இடங்களோடு பேசினீர்கள் என்ற எண்ணிக்கை மறுபக்கம். இந்த இரண்டாவதைப் பெருக்கி என்கிறார்கள். தொடர்புக்கு ஒரு புள்ளி என்று வைத்து, 60 பேரோடு பேசியிருக்கிறீர்கள், அவர்கள் எல்லோரும் 5 இடங்களில் இருக்கிறார்கள் என்றால் 60 பெருக்கல் 5, ஆக 300. அதே 60 பேர் 20 இடங்களில் இருந்தால் 1,200. ஆகவே எல்லோரும் தேடுவது புது இடத்தை. ஆளே இல்லாத ஓர் இடத்திலிருந்து ஒருவர் பேசினால் அவரைச் சுற்றி ஈ மொய்ப்பது போல மொய்ப்பார்கள். வண்டி நிலையத்தின் மதிப்பு இங்கேதான். ஹாம் யாருமே இல்லாத இடத்துக்கு ஒரு கார் போய் நின்றால், அந்த இடம் போட்டியில் உயிர்பெற்றுவிடும்.

இடம் என்பதை எப்படிப் பிரிக்கிறார்கள்? பல வழி உண்டு. விஎச்எஃப் போட்டிகளில், அதாவது 50 மெகாஹெர்ட்ஸ், 144 மெகாஹெர்ட்ஸ், அதற்கும் மேலே நடக்கும் போட்டிகளில், கட்ட முறைதான் வழக்கம். உலக வரைபடத்தின் மேல் ஒரு தாயக்கட்டத்தை விரித்தது போல, 2 டிகிரி தீர்க்கரேகை அகலம், 1 டிகிரி அட்சரேகை உயரம் என்று கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு எழுத்தும் இரண்டு எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். 1980-இல் இங்கிலாந்தின் மெய்டன்ஹெட் என்ற ஊரில் கூடிப் பேசி முடிவு செய்ததால் மெய்டன்ஹெட் முறை என்று பெயர். நம் பக்கத்தில் ஒரு கட்டம் கிழக்கு மேற்காக ஏறக்குறைய 217 கி.மீ., வடக்கு தெற்காக 111 கி.மீ. இருக்கும்.

வேலூர் கோட்டை எம்கே92-இல் இருக்கிறது. குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர், ஆற்காடு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை எல்லாமே அதே கட்டம்தான். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி உச்சிக்குப் போனாலும் கட்டம் மாறாது. குரல் வெகுதூரம் போகும், அவ்வளவுதான். பெருக்கி அதே பெருக்கி. ஆனால் வேலூர்க்காரர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம். நான் சொன்ன 13 டிகிரி கோடு கோட்டையிலிருந்து நேர்க்கோட்டில் 9 கி.மீ. தூரத்தில் போகிறது. அதைத் தாண்டினால் எம்கே93. வள்ளிமலை, சோளிங்கர், அரக்கோணம், சித்தூர், திருப்பதி எல்லாம் அந்தப் பக்கம். வாணியம்பாடிக்காரர் வேறொரு கட்டத்துக்குப் போக எத்தனை கிலோமீட்டர் ஓட்ட வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். நமக்கு ஒரு பாலாற்றுப் பாலம், ஒரு காட்பாடி நெரிசல், முடிந்தது.

இப்போது கேள்விக்கு வருவோம். கோடு தாண்டிய வண்டி புது நிலையமா?

ஆம் என்று சொல்லிவிட்டால் ஊர் ஊராகச் சுற்றுபவருக்கு நியாயம் கிடைக்கிறது. பெட்ரோல் போட்டு, வெயிலில் வெந்து, கட்டம் கட்டமாகப் போய் மற்றவர்களுக்குப் பெருக்கி கொடுப்பவர் அவர். இல்லை என்று சொன்னால் அவர் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார். எனவே அமெரிக்க ஹாம்களின் சங்கமான ஏஆர்ஆர்எல் தன் விஎச்எஃப் போட்டிகளில் இதற்கென்றே ரோவர் என்று ஒரு பிரிவு வைத்தது. ரோவர் என்றால் சுற்றித் திரிபவர். கால்சைனோடு ரோவர் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும், அல்லது ஸ்லாஷ் ஆர் என்று அனுப்ப வேண்டும். போட்டி நேரத்துக்குள் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கட்டங்களிலிருந்து இயங்க வேண்டும். கட்டம் மாறினால் பழைய ஆட்களோடு மறுபடி பேசலாம். தான் பேசிய கட்டங்களோடு, தான் போய் நின்று ஒரு தொடர்பாவது முடித்த ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்று என்று பெருக்கியில் சேர்த்துக்கொள்ளலாம். இந்தக் கடைசி விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். போனதற்கே ஒரு கூலி.

ஆனால் விதி எதற்குக் கூலி கொடுக்கிறதோ அதைத்தானே ஆட்கள் தேடிப் போவார்கள்? நாலு கட்டங்கள் கூடும் மூலை என்று ஒன்று இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் அது எங்கே என்று பார்த்தால், 13 டிகிரி அட்சரேகையும் 80 டிகிரி தீர்க்கரேகையும் வெட்டும் புள்ளி, ஸ்ரீபெரும்புதூருக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் வருகிறது. எம்கே92, எம்கே93, என்கே02, என்கே03 நான்கும் அங்கே முட்டுகின்றன. வேலூரிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் போகும்போது ஏறக்குறைய அந்த மூலையை ஒட்டித்தான் போகிறோம்.

அப்படி ஒரு மூலைக்கு இரண்டு கார்கள் போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கார் ஒரு கட்டத்தில் நிற்கும். இரண்டாவது கார் நாலு கட்டங்களிலும் மாறி மாறி நின்று அதோடு பேசும். அப்புறம் முதல் கார் அடுத்த கட்டத்துக்குப் போகும். இரண்டாவது மறுபடியும் நாலையும் சுற்றும். நாலு பெருக்கல் நாலு, ஒரு அலைவரிசையில் மட்டும் 16 தொடர்புகள். பத்து அலைவரிசைக்கான கருவிகள் இருந்தால் 160. மேல் அலைவரிசைகளில் ஒரு தொடர்புக்குப் புள்ளியும் கூடுதல். ஒரு சில கிலோமீட்டருக்குள்ளேயே சுற்றி, வெளியில் வேறு யாரோடும் பேசாமல், பெரிய மதிப்பெண் சேர்த்துவிடலாம். அமெரிக்காவில் இது உண்மையிலேயே நடந்தது. கூட்டமாகப் போய் நாலு கட்ட மூலையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கட்டம் சுற்றுதல் என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது.

அவர்கள் விதியை மீறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எழுதியிருந்த விதிப்படிதான் செய்தார்கள். மைக்ரோவேவ் கருவிகளைத் தாங்களே கட்டி, வண்டியில் ஏற்றி, வேலை செய்யவைப்பது லேசான காரியமும் அல்ல. அந்தத் திறமைக்கு நான் மரியாதை வைத்திருக்கிறேன். ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. தெருத்தெருவாகக் கோலமாவு விற்கிற இரண்டு வண்டிக்காரர்கள் நாலு தெரு கூடும் முனையில் நின்று ஒருவருக்கொருவர் விற்று வாங்கிக்கொண்டால், வாசலில் காத்திருக்கும் வீடுகளுக்கு என்ன கிடைக்கும்? தூரத்தில் ஆன்டெனாவைத் திருப்பி வைத்துக்கொண்டு அந்த அபூர்வக் கட்டத்துக்காகக் காத்திருந்தவர்களுக்கு ஒரு குரலும் கேட்கவில்லை. அதே சமயம் தனியாளாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டி எல்லோரோடும் பேசிய ரோவர், பட்டியலில் கீழே போய்விட்டார்.

2008-இல் ஏஆர்ஆர்எல் இதற்கு ஒரு முடிவு சொன்னது. கட்டம் சுற்றுவதைத் தடை செய்யவில்லை, ரோவரை மூன்றாகப் பிரித்தது. சாதாரண ரோவர் ஒன்று. சிறு முதலீட்டில் வருபவருக்காகக் கட்டுப்பட்ட ரோவர் என்று ஒன்று; நான்கு அலைவரிசைகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், சக்தியும் குறைவு. மூன்றாவது கட்டுப்பாடற்ற ரோவர். கூட்டமாகச் சுற்ற விரும்புபவர்கள் அங்கே போய்த் தங்களுக்குள் போட்டி போட்டுக்கொள்ளலாம். முதல் இரண்டு பிரிவினரும் வேறொரு ரோவரோடு 100 தொடர்புக்கு மேல் கணக்கில் காட்டக் கூடாது என்ற வரம்பும் வந்தது. மேலே போட்ட கணக்கில் இரண்டே கார்கள் 160 தொட்டதைப் பார்த்தோம் இல்லையா, அந்த வரம்பு எங்கே போய் வெட்டுகிறது என்று இப்போது புரியும். வழியில் எதிர்ப்படும் இன்னொரு ரோவரோடு இயல்பாகப் பேசுபவரை அது தொடவே தொடாது.

விதி மாற்றம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒருவரையும் குற்றவாளி ஆக்காமல், கூலி கொடுக்கும் இடத்தை மட்டும் கொஞ்சம் நகர்த்துவது.

கோட்டைப் பற்றியே இன்னும் ஒரு விதி. வண்டியைச் சரியாகக் கோட்டின் மேல் நிறுத்தினால் எந்தக் கட்டம்? ஏஆர்ஆர்எல் விஎச்எஃப் போட்டிகளில் ஏதாவது ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். அடுத்த கட்டத்தைக் கொடுக்க வேண்டுமென்றால் ஆன்டெனா உட்பட மொத்த நிலையமும் குறைந்தது 100 மீட்டர் நகர வேண்டும். கபடியில் ஒரு காலை இந்தப் பக்கமும் இன்னொரு காலை அந்தப் பக்கமும் வைத்துக்கொண்டு நிற்க முடியாதே, அது போல. சித்தூர் சாலையில் நாங்கள் அன்று செய்தது அதைத்தான். போன் திரை மாறிய இடத்தில் நிற்காமல், இன்னும் கொஞ்சம் வடக்கே தள்ளி, சந்தேகத்துக்கு இடமில்லாத இடத்தில் நிறுத்தினோம். போன் காட்டும் இடத்தில் சில மீட்டர் பிசகு வரலாம். 100 மீட்டர் அதையெல்லாம் விழுங்கிவிடும்.

இதற்கு நேர்மாறாக இன்னொரு குடும்பப் போட்டிகள் இருக்கின்றன. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் மாநிலப் போட்டிகள். அங்கே கட்டம் கிடையாது, கவுன்டி என்ற நிர்வாகப் பிரிவுதான் இடக் கணக்கு. ஏறக்குறைய நம்மூர் மாவட்டம் மாதிரி, ஆனால் பெரும்பாலும் சிறியது. ஃபுளோரிடாவில் 67, டெக்சஸில் 254. இத்தனை கவுன்டிகளிலும் ஹாம்கள் வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்பதால் வண்டி நிலையங்கள்தான் அந்தப் போட்டிகளின் உயிர்நாடி. நாட்டின் 3,077 கவுன்டிகளோடும் பேசி முடிப்பதையே வாழ்நாள் விருதாக வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்களைப் பொறுத்தவரை ஓடும் கார் என்பது தபால்காரர் வருகிற மாதிரி.

மாவட்டக் கணக்கின் விசித்திரம் வட ஆற்காட்டுக்காரர்களுக்கு நன்றாகவே விளங்கும். நம்மூரில் மாவட்டத்தைப் பெருக்கியாக வைத்து ஒரு போட்டி நடந்திருந்தால், 1989 வரை திருப்பத்தூரிலிருந்து அரக்கோணம் வரை, வந்தவாசி வரை, எல்லாம் சேர்த்து ஒரே பெருக்கிதான். 1989-இல் திருவண்ணாமலை பிரிந்ததும் இரண்டு. 2019-இல் வேலூர் மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆனதும், பழைய வட ஆற்காடு நான்கு பெருக்கி ஆகிவிட்டது. அரசாணை ஒன்று வந்தால் ஆம்பூர்க்காரர் உட்கார்ந்த இடத்திலேயே புது ஆளாகிவிடுவார். கட்ட முறையில் இந்தத் தொல்லை கிடையாது, அட்சரேகையை யாரும் அரசாணை போட்டு நகர்த்த முடியாது. ஆனால் மாவட்டத்தில் ஊர் மணம் இருக்கிறது, எல்லோருக்கும் பெயர் தெரியும். எனக்கு இரண்டுமே பிடித்திருக்கிறது.

மாநிலப் போட்டிகளில் பலவற்றில் கவுன்டி எல்லைக்கோட்டின் மேல் வண்டியை நிறுத்திக்கொண்டு, ஒரே அழைப்பில் இரண்டு கவுன்டியையும் கொடுக்கலாம். வேலூரிலிருந்து ஆற்காடு போகும் வழியில், மேல்விஷாரத்துக்கு முன்னால் வரும் மாவட்ட எல்லையில், முன் சக்கரம் ராணிப்பேட்டையிலும் பின் சக்கரம் வேலூரிலும் இருக்கும்படி நிறுத்தி "வேலூர், ராணிப்பேட்டை" என்று சேர்த்துச் சொல்வதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கேட்பவருக்கு ஒரே மூச்சில் இரண்டு இடம். லாக்கில் அதை இரண்டு தொடர்பாகத் தனித்தனியே எழுத வேண்டும். இதை அனுமதிக்காத போட்டிகளும் உண்டு. நிலையத்தின் ஏதாவது ஒரு பகுதி நிஜமாகவே இரண்டு பக்கத்திலும் இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்லும் போட்டிகளும் உண்டு. ஒரே கோடு. ஒரு போட்டியில் 100 மீட்டர் நகரச் சொல்கிறார்கள், இன்னொன்றில் அதன் மேலேயே நிற்கலாம் என்கிறார்கள். அதனால்தான் புதியவர்களிடம் எப்போதும் சொல்வேன்: போன வருடம் படித்தேன் என்று விடாதீர்கள், ஒவ்வொரு போட்டிக்கும் அந்த வருட விதியை எடுத்துப் படியுங்கள்.

எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு ஓர் ஆசை வரும். எப்படியும் நின்றாயிற்று, இறங்கி மரத்தில் நீளக் கம்பியைக் கட்டினால் குரல் எங்கேயோ போகுமே என்று. 40 மீட்டர் அலைவரிசைக்குக் கால் அலை ஆன்டெனா, அதாவது அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ளது, 10 மீட்டர் இருக்க வேண்டும். காரில் இரண்டரை மீட்டர் கம்பியைத்தான் நட முடியும். மிச்சத்தை ஒரு கம்பிச் சுருள் ஈடுகட்டும். 100 வாட் போட்டால் பெரும்பகுதி அந்தச் சுருளிலும் வண்டித் தகரத்துக்குக் கீழே மண்ணிலும் சூடாகத்தான் போகும். மரக்கம்பிக்காரரோடு வண்டிக் கம்பிக்காரர் ஒரே பிரிவில் மோதினால் அது போட்டியே அல்ல. ஆகவே ஆன்டெனா வண்டியிலேயே பொருத்தியிருக்க வேண்டும், அப்படியே ஓடும் நிலையிலும் இயங்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று விதிகள் இறுகின. அமெரிக்காவில் ஜூன் கடைசி வாக்கில் நடக்கும் ஃபீல்ட் டே நிகழ்வில் சி பிரிவு என்பது இதுதான்: ஓடிக்கொண்டே இயங்கக்கூடிய, வழக்கமாக அப்படியே இயக்கப்படும் நிலையம். நின்று கம்பி கட்டுபவர்களுக்குப் பல போட்டிகள் தனிப் பிரிவு கொடுத்துவிட்டன.

ஓட்டுநரைப் பற்றிய விதி எனக்கு மிக முக்கியமானது. தனியாள் பிரிவில் போட்டியிடுபவர் வண்டியையும் தானே ஓட்ட வேண்டுமா? அப்படி வைத்தால் ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் மைக், தொடையில் நோட்டு. யோசித்தாலே வயிற்றைக் கலக்குகிறது. இப்போது பல மாநிலப் போட்டிகளில் ரேடியோவைத் தொடாத, லாக் எழுதாத ஓட்டுநர் ஒருவர் கூட இருந்தாலும் அது தனியாள்தான் என்று ஏற்கிறார்கள். உயிரைக் காப்பாற்றுகிற விதி இது. நம் நாட்டில் கையில் பிடிக்கும் தொடர்புச் சாதனத்தை ஓட்டும்போது பயன்படுத்துவதை, 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. எந்தப் போட்டி எதை அனுமதித்தாலும் நம் சாலையில் நீங்கள் ஓட்டினால் பேசாதீர்கள், பேசினால் ஓட்டாதீர்கள். என் தங்கை வீட்டுக்காரர் கால்சைன் இல்லாதவர். அவர் இல்லாமல் நான் கிளம்பியதில்லை.

அடுத்தது, நான் இங்கே இருக்கிறேன் என்று தானே அறிவித்துக்கொள்ளலாமா என்ற விஷயம். ஹாம் போட்டிகளில் இணையத்திலோ வேறு வழியிலோ தன் அலைவரிசையைத் தானே விளம்பரம் செய்வது நெடுங்காலமாக ஒப்புக்கொள்ளப்படாத செயல். வீட்டில் பெரிய ஆன்டெனா வைத்திருப்பவருக்கு அது நியாயமான தடை. வண்டி நிலையத்துக்கு? குரல் மெல்லியது, திசை ஆன்டெனாவை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்திருப்பவருக்குக் கேட்கவே கேட்காது. இருபது நிமிடத்தில் அடுத்த இடத்துக்குப் போய்விடும். 2015 ஜனவரியில் தொடங்கி ஏஆர்ஆர்எல் தன் விஎச்எஃப் போட்டிகளில் இந்தத் தடையைத் தளர்த்தியது. இந்தக் கட்டத்தில் இருக்கிறேன், இந்த அலைவரிசையில் கூப்பிடுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். தொடர்பு மட்டும் காற்றிலேயே முழுதாக நடக்க வேண்டும். கால்சைனையும் கட்டத்தையும் போனில் சொல்லி முடிப்பது கூடாது. வண்டிகளுக்கு இது பெரிய வரம் என்றே நினைக்கிறேன்.

2017-இல் வந்த, கணினி வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையும் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. அதில் ஒவ்வொரு முறையும் 15 விநாடிக்கு ஒருவர் அனுப்ப, அடுத்த 15 விநாடி மற்றவர் அனுப்ப வேண்டும். செய்திக்கான இடம் மிகக் குறுகலானது. எண்ணி எண்ணித்தான் எழுத்து. ரோவர் என்று காட்டும் ஸ்லாஷ் ஆருக்கு அதில் ஒழுங்கான இடம் 2018 இறுதியில் வந்த புதிய செய்தி வடிவத்தில்தான் கிடைத்தது. கவுன்டியை வைத்து நடக்கும் மாநிலப் போட்டிகளுக்கு அதன் வழக்கமான செய்தி இன்னும் பொருந்தாது, அதில் அனுப்புவது கட்டத்தைத்தானே. ஆகவே இந்த முறையை ஒதுக்கி வைத்த போட்டிகளும் இருக்கின்றன. இதில் நான் அதிகம் இறங்கியதில்லை; எனக்குக் குரல்தான்.

லாக்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதை நானே அடிபட்டுத்தான் கற்றேன். நண்பர்கள் சேர்ந்து 144 மெகாஹெர்ட்ஸில் ஒரு பழகு போட்டி வைத்திருந்தோம். காட்பாடியில் நின்று ஆறு பேரோடு பேசிவிட்டு, கோடு தாண்டி மேலே போய் மறுபடியும் அழைத்தேன். வாயால் எம்கே93 என்று சரியாகத்தான் சொன்னேன். ஆனால் லாக் மென்பொருளில் என் பக்கத்துக் கட்டத்தை மாற்றவில்லை. நாலு தொடர்புகள் போன பிறகுதான் கவனித்தேன். கவனித்தும் அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எந்த நாலு என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எதிராளிகளின் லாக்கில் 93, என் லாக்கில் நான் அனுப்பியதாக 92. சரிபார்த்தபோது நாலும் அடிபட்டன. மதிப்பெண் போனதைவிட, கஷ்டப்பட்டு என் குரலைப் பிடித்து எழுதிய அந்த நாலு பேரின் உழைப்பு என்னால் கேள்விக்குள்ளானதுதான் எனக்கு வருத்தம்.

பொதுவாக அனுப்பும் லாக் வடிவத்தில் ஒவ்வொரு வரியிலும் நீங்கள் அனுப்பியதும் எழுதப்படுகிறது, நீங்கள் கேட்டதும் எழுதப்படுகிறது. வீட்டு நிலையத்துக்கு முதல் பாதி கடைசி வரை மாறாது. வண்டிக்கு மாறிக்கொண்டே இருக்கும். என்1எம்எம் போன்ற மென்பொருள்களில் இடம் மாற்றுவதற்கு வசதி இருக்கிறது, ஆனால் ஞாபகம் வைத்திருக்க வேண்டியது நாம்தான். இப்போதெல்லாம் நான் கோடு தாண்டும் இடங்களையும் உத்தேச நேரத்தையும் முன்கூட்டியே ஓர் அட்டையில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவிடுகிறேன். ஓட்டுபவர் "மச்சான், கோடு" என்று குரல் கொடுப்பார். நான் பேச்சை நிறுத்தி, லாக்கை மாற்றி, அப்புறம்தான் மைக்கைத் தொடுவேன். லாக் அனுப்பக் கிடைக்கும் நாட்களும் சுருங்கிவிட்டன: சிக்யூ வேர்ல்டு வைடுக்கு 5 நாள், ஏஆர்ஆர்எல் போட்டிகளுக்கு 7 நாள். திங்கட்கிழமை வேலைக்குப் போய், அலுப்பு தீர்ந்து, அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றால் கதவு சாத்தியிருக்க வாய்ப்பு உண்டு.

முதல் முறை கிளம்புபவர்களுக்கு என் யோசனை எளிமையானது. கை நிறையக் கருவிகள் வேண்டாம். 144 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை கம்பி அரை மீட்டர்தான். அடியில் காந்தம் வைத்ததாக ஒன்றைக் கூரையில் ஒட்டவைத்தால் போதும். மின்சாரத்தை சிகரெட் லைட்டர் துளையிலிருந்து எடுக்காதீர்கள். 100 வாட் கருவி 20 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், அந்த ஒயர் தாங்காது. பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர், பிளஸ் மைனஸ் இரண்டிலும் ஃபியூஸ். என்ஜின் ஓடும்போது ரேடியோவில் கிரீச்சென்று ஒரு சத்தம் வரும், நிறுத்தினால் போய்விடும். நின்ற இடத்தில் என்ஜினை அணைத்துவிட்டுப் பேசுவது நல்லது, வேலூர் வெயிலில் கஷ்டம்தான் என்றாலும்.

விடியற்காலையில் கிளம்பினால் கோட்டைக்கு எதிரே நிறுத்தி எம்கே92-இலிருந்து அரை மணி நேரம் கூப்பிடலாம். நெரிசல் தொடங்குமுன் பாலாற்றைத் தாண்டி, காட்பாடி வழியாக வள்ளிமலைக்குப் போங்கள். அடிவாரத்தில் காரை நிறுத்தி லாக்கில் எம்கே93 என்று மாற்றி, திரையில் மாறிவிட்டதா என்று ஒரு முறை விரல் வைத்துப் பாருங்கள். அப்புறம் கூப்பிடுங்கள். காலையில் உங்களோடு பேசிய அதே வேலூர்க்காரர் மறுபடி பதில் கொடுத்து, உங்கள் கட்டத்தைக் கேட்டு எழுதிக்கொள்வார்.